மைனஸ் பவர் உள்ளவர்கள் பைக்கில் போக எந்தக் கூலிங் கிளாஸ் வாங்கலாம்?

கேட்டவர் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர். பவர் மைனஸ் மூன்றரை. வெயிலில் தானாகவே கறுக்கிற போட்டோகுரோமிக் லென்ஸ் போடுவதா, இருக்கிற கண்ணாடிமேல் கறுப்புக் கிளிப் மாட்டுவதா, தனியாகக் கூலிங் கிளாஸ் செய்துகொள்வதா என்பது அவருடைய சந்தேகம்.

கையில் காசு இருந்தால் பவரோடு தனியாக ஒன்று செய்துவிடுங்கள், போலரைஸ்டு லென்ஸில், அதாவது ரோட்டில் பட்டுத் தெறிக்கிற ஒளியை வெட்டுகிற லென்ஸில். உங்கள் ரூட்டை வைத்துத்தான் சொல்கிறேன். அந்த ரோடு ஏறக்குறைய தென்கிழக்காகப் போகிறது. காலையில் போகும்போதும் சூரியன் முகத்துக்கு நேரே, சாயங்காலம் திரும்பும்போதும் முகத்துக்கு நேரே. மார்த்தாண்டம் மேம்பாலத்திலும் பார்வதிபுரம் மேம்பாலத்திலும் ஏறிவிட்டால் மரநிழல் என்ற பேச்சே இல்லை.

போட்டோகுரோமிக் மோசம் என்று சொல்லமாட்டேன். நான் எப்போதும் போட்டிருப்பதே அதுதான். நடந்து போகிறவர்களுக்கும், வெயிலுக்கும் ஆபீசுக்கும் மாறி மாறிப் போகிறவர்களுக்கும் வசதி. ஆனால் அந்த லென்ஸ் கறுப்பதே புற ஊதாக் கதிர் படுவதால்தான். ஹெல்மெட் வைசர் பெரும்பாலும் பாலிகார்பனேட். அது அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அப்புறம் லென்ஸ் எதைப் பார்த்துக் கறுக்கும்? கார் முன்கண்ணாடிக்குப் பின்னாலும் இதே கதைதான். வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டினால் கறுக்கும், கூடவே மணலும் பூச்சியும் வரும். இன்னொன்று, சூடு கூடினால் இந்த லென்ஸ் கறுப்பது குறையும். ஊட்டியில் நன்றாகக் கறுக்கிற அதே லென்ஸ் நம்மூர் ஏப்ரல் மத்தியானத்தில் பாதியில் நின்றுவிடும். காருக்குள்ளும் கறுக்கிற வகை தனியாக இருக்கிறது, விலை கூட.

கிளிப் எப்போதாவது வெயிலில் போகிறவர்களுக்குப் போதும். தினசரி பைக்குக்கு வேண்டாம். கிளிப்புக்கும் லென்ஸுக்கும் நடுவில் தூசி மாட்டி உரசி, நல்ல கண்ணாடியில் கீறல் விழும். கண்ணாடிக்கு மேலேயே மாட்டுகிற பெரிய கூலிங் கிளாஸ் பக்கவாட்டு வெளிச்சத்தையும் மறைக்கும்; வள்ளத்தில் போகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அருமையானது. ஹெல்மெட்டுக்குள் நுழையாது.

இப்போது முக்கியமான விஷயம். கறுப்பும் பாதுகாப்பும் ஒன்றல்ல. கறுத்த கண்ணாடி போட்டால் கண்ணின் பாப்பா விரியும். லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்காத ரகமாக இருந்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதல் கதிர் உள்ளே போக வாய்ப்பு உண்டு. மறுபக்கம், நிறமே இல்லாத பாலிகார்பனேட் பவர் லென்ஸ் இயல்பாகவே அந்தக் கதிரைத் தடுக்கும். சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸ் என்றால் ‘யூவி 400’ கேட்டு வாங்குங்கள். 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரைத் தடுக்கும் என்று அர்த்தம். முட்டத்தில் எங்கள் மாமா இள வயதிலிருந்தே கடலுக்குப் போனவர். மூக்கோரத்திலிருந்து கருவிழிமேல் சிவப்பாக ஒரு சதை முக்கோணமாக ஏறி நிற்கிறது. வெயிலும் காற்றும் தூசியும் இதற்குக் காரணம் என்று கண் டாக்டர்கள் சொல்வார்கள். அதனால் கடற்கரை ஊர்க்காரர்கள் கூலிங் கிளாஸைச் சும்மா ஸ்டைல் என்று ஒதுக்கக்கூடாது.

கன்னியாகுமரி பீச்சில் கூலிங் கிளாஸ் விற்கிறவர் ஒரு அட்டையைக் காட்டுவார். வெறுங்கண்ணுக்குத் தெரியாத படம் கண்ணாடி வழியே தெரியும். அது போலரைஸ்டா என்பதற்கு மட்டும்தான் சாட்சி, புற ஊதாக் கதிரைத் தடுக்குமா என்று அது சொல்லாது. சில கடைகளில் நீல லேசர் பேனாவை அடித்துக் காட்டுவதும் நீல ஒளியைத் தடுக்கிற ‘ப்ளூ கட்’ லென்ஸுக்கான வித்தை. கதிரை அளக்கும் சின்ன மீட்டர் நல்ல கடைகளில் இருக்கும், அதில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். போலரைஸ்டா என்று பார்க்க அட்டைகூட வேண்டாம். செல்போன் திரையை லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டே கண்ணாடியைச் சுற்றுங்கள், பெரும்பாலான போன்களில் ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகும்.

போலரைஸ்டு ஏன் என்றால், நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழை விட்டதும் வெயில் அடித்தால் ஈர ரோடு பளபளத்துக் கண்ணைக் குத்தும். ரோட்டிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கிற அந்த ஒளியைத்தான் இது வெட்டும். வண்டியின் டிஜிட்டல் மீட்டர் சில கோணத்தில் மங்கலாகத் தெரியலாம். வாங்குமுன் உங்கள் வண்டியிலேயே பார்த்துவிடுங்கள்.

நிறம் சாம்பல் அல்லது பிரவுன். கறுப்பு அளவுக்கு 0 முதல் 4 வரை எண் உண்டு. பகலுக்கு 3 சரி. 4 என்றால் வண்டி ஓட்டுவதற்கு ஆகாது.

மைனஸ் மூன்றரைக்குப் பெரிய பிரேம் எடுத்தால் ஓரம் தடித்துத் தெரியும். முகத்தைச் சுற்றி வளைகிற பிரேமில் பவர் போட்டால் ஓரத்தில் காட்சி வளையலாம். அளவான, தட்டையான பிரேம் போதும். காம்பு மெலிதாக, நேராக இருக்கட்டும், ஹெல்மெட் போட்டபிறகும் சொருகலாம். கடைக்கு ஹெல்மெட்டையும் எடுத்துப் போங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

இவ்வளவு செலவு இப்போது முடியாது என்றால், உள்ளே இறக்கி ஏற்றுகிற கறுப்பு வைசர் உள்ள ஹெல்மெட் வாங்குங்கள். உங்கள் கண்ணாடியோடு போட்டுப் பார்த்து, வைசர் இடிக்கவில்லை என்றால் அதுவே கிளிப்பைவிட நல்லது. இருட்டினால் மேலே தள்ளிவிடலாம். தனிக் கூலிங் கிளாஸ் என்றால் சாதாரணக் கண்ணாடியும் கூடவே வேண்டும், கெட்டியான பெட்டியில்; டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும்.

கடற்கரைப் பக்கம் போய்வந்தால் கைலி நுனியால் துடைக்க வேண்டாம். முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டி உப்பும் மணலும் போகட்டும், பிறகு துணி. வெயிலில் நிற்கிற வண்டியில் டேங்க் மேலுள்ள பையில் விட்டுப் போகவும் கூடாது. சூட்டில் கோட்டிங் வெடித்தால் வாரண்டியில் வராது என்று கடைக்காரர் கையை விரித்துவிடுவார்.