பாட்காஸ்ட் விளம்பரங்களைத் தடுப்பது திருட்டா?
பாட்காஸ்டில் வரும் விளம்பரங்களைச் செயலி கொண்டு வெட்டிவிடுவது படைப்பாளரின் வருமானத்தைத் திருடுவதாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருட்டு என்பது மிகையான சொல்; ஆனால் இழப்பு உண்மையானது, அது உடனே கண்ணில் படுவதில்லை.

விளம்பரக் கட்டணம் பெரும்பாலும் 1,000 பதிவிறக்கங்களுக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படுகிறது. கோப்பு கைப்பேசிக்கு வந்தபின் நீங்கள் கேட்டீர்களா, தாண்டினீர்களா என்பது பொதுவாக அந்தக் கணக்கில் சேராது. ஆகவே 30 நொடி தாண்டும் பொத்தானை இருமுறை அழுத்துவதால் அன்றைய வருமானம் குறைவதில்லை. ஆனால் தொகுப்பாளர் தம் குரலில் சொல்லும் தள்ளுபடிக் குறியீட்டை எவரும் பயன்படுத்தாவிட்டால், விளம்பரதாரர் அடுத்த முறை வரமாட்டார்.

கேட்பவரின் இருப்பிடத்தையும் கருவியையும் அறிந்து செருகப்படும் விளம்பரத்தை மறுப்பது நியாயமென்றே கருதுகிறேன். தொகுப்பாளரே பேசுவதையும் வெட்டிவிட்டு, சந்தாவோ நன்கொடையோ தராமல் இருப்பவர், அந்த உழைப்புக்கு எதையுமே தருவதில்லை.