சீனி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

நாய்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துத்தான் எங்களுக்கும் ஒன்றை வளர்க்கும் ஆசை வந்தது. கடையில் விலைக்கு வாங்க வேண்டாம் என்று முடிவெடுத்து, மீட்புக்குழு ஒன்றிடமிருந்து ஐந்து மாதப் பெண்குட்டியைத் தத்தெடுத்தோம். சாக்கடைப் பள்ளத்தில் கிடந்ததாம். நாட்டுநாயும் லேப்ரடாரும் கலந்தது என்றார்கள். மருத்துவரோ ராஜபாளையம் கலப்பாக இருக்கலாம் என்கிறார். மகள் சீனி என்று பெயர் வைத்திருக்கிறாள்.

வந்து பத்து நாளாகிறது. கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. யாரும் இல்லாதபோதுதான் சாப்பிடுகிறது. என் கணவர் கையை நீட்டினாலே சிறுநீர் போய்விடுகிறது. ஒன்பது வயது மகள், 'சீனிக்கு என்னைப் பிடிக்கவில்லை' என்று அழுகிறாள். "எந்த ரத்தம்னே தெரியாத நாயைக் கொண்டுவந்தா இப்படித்தான், திருப்பிக் கொடுத்துடு" என்கிறார் மாமியார். அடுக்ககச் சங்கத்திலும் ஆட்சேபம். நல்லது செய்ய நினைத்துத் தப்பு செய்துவிட்டோமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

தப்பு எதுவும் செய்யவில்லை. ஆனால் நடந்ததைச் சீனியின் இடத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். நீங்கள் அவளைக் காப்பாற்றினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை யாரோ பிடித்தார்கள், கூண்டில் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், வண்டியில் ஏற்றினார்கள், இப்போது மிக்ஸியும் குக்கரும் அலறும் ஒரு வீட்டில் விட்டிருக்கிறார்கள். அவள் நன்றியோடு வாலாட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில் நியாயமே இல்லை. மீட்ட நாயைத் திருப்பிக் கொடுப்பவர்கள் பலரிடம் நான் கண்டது இந்த எதிர்பார்ப்பைத்தான். உங்கள் மகளுக்கு இதை இப்படியே சொல்லுங்கள். சீனிக்கு அவளைப் பிடிக்காமல் இல்லை. அவள் யார் என்றே இன்னும் தெரியாது.

நாய்க்குட்டி உலகத்தோடு பழகக் கற்பது பெரும்பாலும் பிறந்த 3-வது வாரத்திலிருந்து 14-வது வாரம் வரை. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் உள்ள ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்து 1961-ல் வெளியிட்டார்கள். 14 வாரம்வரை மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு காட்டு விலங்குகளைப் போல மனிதரைக் கண்டு மிரண்டன. சீனி அந்த அளவுக்குத் தனித்து வளர்ந்தவள் அல்ல. ஆனாலும் மற்றக் குட்டிகள் மடியில் ஏறி விளையாடும் வாரங்களில் அவளுக்குக் கிடைத்தவை பசியும் வண்டிச் சத்தமும்தான். இனி அவளால் பழக முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. மெதுவாகத்தான் பழகுவாள்.

அதனால் கட்டிலுக்கு அடியில் இருந்து அவளை இழுக்காதீர்கள். பழைய சாக்கோ போர்வையோ போட்டு அந்த இடத்தை அவளுக்கே கொடுத்துவிடுங்கள். இப்போதைக்குக் குளிப்பாட்டவும் வேண்டாம். மகள் அதே அறையில் தரையில் உட்கார்ந்து, கட்டிலைப் பார்க்காமல், பாடப்புத்தகத்தை வாய்விட்டு வாசிக்கட்டும். இடையிடையே உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை அவள் பக்கம் உருட்டிவிட்டால் போதும். சீனி அதை எடுத்தாளா என்று குனிந்து பார்க்கவும் கூடாது. நான் வளர்த்த மீட்பு நாய்களிடமெல்லாம் கண்டது ஒன்றுதான்: நாம் கவனிக்காதபோதுதான் அவை நம்மைக் கவனிக்கத் தொடங்குகின்றன.

உங்கள் கணவர் வருந்த வேண்டாம். உயரமான ஓர் ஆள் நேராக வந்து தலைக்கு மேல் கை நீட்டினால் பயந்த குட்டிக்கு அது அடி விழப்போவது போலத்தான் தெரியும். சிறுநீர் போவது 'என்னை ஒன்றும் செய்துவிடாதே' என்ற கெஞ்சல். அதற்கு அதட்டினால் இன்னும் கூடும். பேசாமல் துடைத்துவிடுங்கள். அவர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, கையைத் தரையில் வைத்துக் காத்திருக்கட்டும். தினமும் சோறு வைப்பவரும் அவராகவே இருந்தால் நல்லது.

ரத்தம் என்ற பேச்சு எனக்கு எப்போதுமே வருத்தம் தருவது. மனிதரைப் பிறப்பால் அளந்த கோலை நாம் நாயிடமும் எடுத்துச் செல்கிறோம். 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை பற்றி அவற்றை வளர்ப்போரிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்த ஓர் ஆய்வு 2022-ல் வந்தது. நாய்க்கு நாய் நடத்தை வேறுபடுவதில் இனம் விளக்குவது ஏறத்தாழ 9 விழுக்காடுதான் என்றது அது. லேப்ரடாரா, ராஜபாளையமா என்று தோற்றத்தை வைத்துச் சொல்வதும் பெரும்பாலும் ஊகமே. மாமியாரிடம் வாதாட வேண்டாம். காலையில் ஒரு கைப்பிடி சோறு அவர் கையால் வைக்கச் சொல்லுங்கள்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குழு கொடுத்த தடுப்பூசி அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு தொற்றுநோய்களுக்கும் சேர்த்துப் போடும் ஊசியும், மூன்று மாதம் ஆனதும் போடும் வெறிநோய் ஊசியும் அதில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஊசி முடியும்வரை தெருநாய்கள் புழங்கும் இடங்களில் அவளை இறக்க வேண்டாம். ஐந்து மாதத்தில் பல் மாறும், கண்டதையும் கடிப்பாள். மகளின் கையில் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குட்டிக்கு ஊசி போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள்.

வாசற்கதவு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பயந்த நாய் திறந்த கதவைக் கண்டால் ஓடிவிடும், கூப்பிட்டாலும் திரும்பாது. கழுத்துப்பட்டையைத் தலைவழியாக உருவிக்கொள்ளவும் தெரியும். எனவே வெளியே கொண்டுபோகும்போது மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டையும் போடுங்கள். உங்கள் கைப்பேசி எண் பொறித்த வில்லை ஒன்று எப்போதும் அவள் கழுத்தில் இருக்கட்டும்.

சங்கத்தாருக்கு விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நகலைக் கொடுங்கள். பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் குடியிருப்போர் நாய் வளர்ப்பதைச் சங்கம் தடைசெய்ய முடியாது என்கிறது அது. கூடவே மாநகராட்சி உரிமத்தையும் எடுத்துவிடுங்கள். பொது இடத்தில் அசுத்தம் செய்தால் உடனே நீங்களே அள்ளிவிட்டால் பாதி ஆட்சேபம் அடங்கும்.

பத்து நாளில் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். சில மாதங்கள் கொடுங்கள். அதற்குப் பிறகும் உங்களால் முடியாமல் போனால், அந்தக் குழுவிடமே சொல்லி ஒப்படையுங்கள். அது குற்றமல்ல. தெருவில் இறக்கிவிட்டு வருவதுதான் குற்றம்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். வெடிச்சத்தத்தின்போது கொடுக்கும் பயம் தணிக்கும் மருந்தைப் பற்றி இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். அதைப் பண்டிகைக்கு முன்பே ஒருமுறை கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அன்று இருட்டுவதற்குள் அவளை வெளியே கொண்டுபோய் வந்து, சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, யாராவது ஒருவர் அவளோடு அந்த அறையிலேயே இருங்கள்.

அன்புடன்.