தள்ளத் தள்ள வருவது

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ராத்திரி முழுக்க சோக ரீல்ஸ் பார்த்துவிட்டு, காலையில் போன் போட்டு ‘மனசு சரியில்லப்பா’ என்கிறாள். பிடிக்காததைத் தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதானே? இந்தத் தலைமுறைக்கு மனஉறுதியே கிடையாது என்கிறேன். சரிதானே?
- ஒரு தந்தை, தேனி

பதில்: சரியில்லை ஐயா. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருப்பதற்குப் பெயர்தான் ரீல்ஸ். எனக்கு முழங்கால் வலி. ஒரே ஒரு தைல வீடியோவைக் கொஞ்சம் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து என் போன் முழுக்க முட்டிதான். நான் லைக்கூடப் போடவில்லை. விரல் நின்ற நேரத்தை அது கணக்கு வைத்துக்கொள்கிறது. முட்டி வலி இருந்த இடத்தில் மனவலியை வைத்துப் பாருங்கள்.

லண்டனில் மோலி ரஸ்ஸல் என்ற 14 வயதுப் பெண்ணுக்கு அதுதான் நடந்தது. 2017 நவம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். கடைசி ஆறு மாதத்தில் இன்ஸ்டாகிராமில் அவள் லைக் போட்ட, சேமித்த, பகிர்ந்த பதிவுகள் 16,300. அதில் 2,100, மனச்சோர்வும் தற்கொலையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் பற்றியவை. நாளுக்குச் சுமார் 12! படங்கள் சேமித்துவைக்கிற பின்டரெஸ்ட் தளம் ஒருபடி மேலே போய், ‘உங்களுக்குப் பிடிக்கக்கூடிய 10 மனச்சோர்வுப் பதிவுகள்’ என்று மெயிலே அனுப்பியது, என்னவோ ஆடித் தள்ளுபடி மாதிரி.

அவள் பார்த்தவற்றைப் பார்த்த மனநல மருத்துவர், தனக்கே சில வாரம் சரியாகத் தூக்கம் வரவில்லை என்று 2022 விசாரணையில் சொன்னார். நோயாளிகளோடு பழகிப் பழகித் தேறியவர். அவருக்கும் மனஉறுதி இல்லை என்பீர்களா? மோலிக்கு மனச்சோர்வு இருந்தது என்பதோடு, இணையத்தில் பார்த்தவையும் அவள் சாவுக்குக் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி ஆண்ட்ரூ வாக்கர் பதிவு செய்தார்.

ஆஸ்திரேலியா, 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று 2024-ல் சட்டம் போட்டது. அப்படியொன்று இங்கே வந்தாலும் உங்கள் மகளுக்கு உதவாது. அவளுக்கு 19, விடுதியில் விளக்கணைத்த பிறகும் போர்வைக்குள் வெளிச்சம் எரிகிற வயது.

அது இருக்கட்டும். ‘மனசு சரியில்லப்பா’ என்று உங்களைக் கூப்பிட்டுச் சொல்கிறாளே, அதைக் கவனித்தீர்களா? எத்தனை பிள்ளைகள் அப்பாவிடம் சொல்கின்றன? இந்த ஞாயிற்றுக்கிழமை கோவைக்கு பஸ் ஏறுங்கள். அறிவுரையை தேனியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ரீல்ஸில் என்னதான் வருகிறது என்று அவளையே காட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416, அரசின் டெலி மானஸ் உதவி எண். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். முதலில் அதை உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள்.