புஷ் மாற்றுவதும் கேம்பர் வைப்பதும்: மியாட்டா உரிமையாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மாஸ்டா எம்எக்ஸ்-5 (மியாட்டா) காரின் முதல் இரண்டு தலைமுறைகள் 1989 முதல் 2005 வரை வந்தவை. நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும். கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ்) வைப்பதற்கான கேம் போல்ட் (மையம் விலகிய தட்டு கொண்டது, சுற்றினால் ஆர்ம் உள்ளேயோ வெளியேயோ நகரும்), லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷுக்குள்ளேயே (ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளைக்குள்ளேயே) ஓடுகிறது. அதனால் இந்தக் காரில் புஷ் வேலையையும் அலைன்மென்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. வந்த கேள்விகளும் அப்படித்தான் கலந்து இருக்கின்றன.

கேள்வி: புஷ் போய்விட்டதா, பால் ஜாயின்ட் போய்விட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஹப்புக்கு (சக்கரம் மாட்டும் மையப் பகுதிக்கு) அருகில் ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளிமுனையில் இருக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். புஷ் தேய்மானம் இப்படி ஆட்டினால் பெரும்பாலும் தெரியாது. லோயர் ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் (ஆர்ம்கள் மாட்டப்பட்டிருக்கும் அடிச்சட்டத்துக்கும்) நடுவில் நெம்புகோலைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் இரும்புக் குழல், ரப்பரை விட்டுத் தனியாக நகர்ந்தால் புஷ் முடிந்துவிட்டது. மேல்பரப்பில் தெரியும் மெல்லிய வெடிப்புகளை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஓட்டும்போது கிடைக்கும் தடயம் ஒன்று உண்டு: வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் ஒரு கணம் தானாகத் திரும்புவது போல் இருக்கும். பின் லோயர் ஆர்ம்தான் பின்சக்கரத்தின் டோவையும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவையும்) தீர்மானிக்கிறது என்பதே காரணம்.

கேள்வி: கேம் போல்ட் சுற்றவே மாட்டேன் என்கிறது. நீளமான பைப் போட்டுத் திருப்பலாமா?

கூடாது. போல்ட், புஷ்ஷின் உள் குழலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் ஓடிய கார்களில் இது சர்வ சாதாரணம். தலையைப் பிடித்துத் திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், விட்டதும் பழைய இடத்துக்கே வரும். இன்னும் அழுத்தினால், கேம் தட்டு உட்கார்ந்திருக்கும் சப்ஃப்ரேம் விளிம்புகள் வளைந்துவிடும். அவை வளைந்தால் பிறகு எந்த அலைன்மென்டும் நிற்காது.

முதலில் கேம் தட்டின் கோடு எந்த இடத்தில் இருக்கிறது என்று பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு முனையிலும் அடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் கழற்றுங்கள். நட்டு வந்தும் போல்ட் அசையவில்லை என்றால், சுத்தியலால் நேராக அடித்து நூலை (போல்ட்டின் மரையை) கெடுத்துக்கொண்டிருக்காமல் வெட்டிவிடுவதே வழி. ரெசிப்ரோகேட்டிங் சாவில் (பிளேடு முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பத்தில்) உலோகம் வெட்டும் பைமெட்டல் பிளேடைப் போட்டு, புஷ்ஷின் முகத்துக்கும் சப்ஃப்ரேம் காதுக்கும் (போல்ட்டைத் தாங்கும் தகட்டுக்கும்) இடைப்பட்ட சந்தில் இரு பக்கமும் வெட்டுங்கள். புது கேம் போல்ட், தட்டு, நட்டு மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே வாங்கி வையுங்கள். பின் ஹப்பின் அடிப்பக்கமாகச் செல்லும் நீள போல்ட்டும் இதே மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதற்கும் மாற்று இருக்கட்டும்.

வாயு விளக்கால் சூடாக்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ரப்பர் தீப்பிடிக்கும், புகையும் கெட்டது. புதுப் போல்ட் போடும்போது தண்டில் மட்டும் ஆன்டி-சீஸ் (துருப்பிடித்து ஒட்டாமல் தடுக்கும் பசை) பூசுங்கள். நூலில் பட்டால் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவு பொய்யாகிவிடும்.

கேள்வி: பிரஸ் இல்லாமல் புஷ் ஏற்ற முடியுமா?

முடியும். 10.9 தர (உறுதி மிக்க எஃகு) எம்12 (12 மிமீ) மரைக் கம்பி, தடித்த வாஷர்கள், இரண்டு நட்டு, பொருத்தமான குழல் துண்டுகள் போதும். ஒரு பக்கக் குழல் புஷ்ஷின் வெளிக்கூட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருந்து ஆர்மின் வளையத்தைத் தாங்க வேண்டும். மறுபக்கத் துண்டு வெளிக்கூட்டின் விளிம்பில் மட்டும் அழுத்த வேண்டும். நடுக் குழலில் அழுத்தினால் ரப்பர் கிழியும். ஆர்ம் தகடால் ஆனது. தாங்கல் கொடுக்காமல் அழுத்தினால் நசுங்கும்.

பழைய கூடு வர மறுத்தால் ரப்பரைத் துளையிட்டு எடுத்துவிட்டு, ஹேக்சா பிளேடால் கூட்டின் உட்புறத்தில் ஒரு கீறல் வெட்டி உள்நோக்கி மடியுங்கள். ஆர்மின் துளைச் சுவர்வரை வெட்டிவிடாதீர்கள். புதுப் புஷ்ஷைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்சம் சுருங்கும். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ ரப்பரை உப்ப வைத்துவிடும்.

கேள்வி: புஷ் மாற்றிய சில மாதத்திலேயே மறுபடி கிழிந்துவிட்டது. மட்டமான பொருளா?

பொருளைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினீர்களா? ஒரிஜினல் ரப்பர் புஷ் சுழல்வதில்லை. உள் குழல் சப்ஃப்ரேமோடு இறுகி நிற்க, நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. தொங்கும்போது இறுக்கினால் கார் தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். காரும் சற்று உயரமாக நிற்கும்.

வேலைக்கு முன், ஹப் மையத்திலிருந்து ஃபென்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு நான்கு சக்கரத்தையும் ராம்ப்பில் ஏற்றி, காரைச் சில முறை அழுத்தி விட்டு, அந்த அளவு வந்ததும் வொர்க்‌ஷாப் மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகாதீர்கள்.

கேள்வி: பாலியூரிதேன் போடலாமா?

டிராக் நாட்களுக்கு (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாட்களுக்கு) சென்றால் போடலாம். ஸ்டியரிங் துல்லியமாகும். ஆனால் அது சுழலும் புஷ். கூட வரும் சிலிகான் கிரீஸைத் தாராளமாகப் பூசவில்லை என்றால் கிறீச்சிடும், பிறகு கழற்றித்தான் பூச வேண்டும். தினசரி ஓட்டத்துக்கு ரப்பரே நல்லது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: கேம்பர் எவ்வளவு வைக்கலாம்? வீட்டிலேயே அளக்க முடியுமா?

சாலைக்கு: முன்னால் கேம்பர் −1.0°, காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) 5° அளவு, மொத்த டோ-இன் (முன்பக்கம் உள்நோக்கிய டோ; வெளிநோக்கினால் டோ-அவுட்) 0 முதல் 1.5 மிமீ. பின்னால் கேம்பர் −1.5°, மொத்த டோ-இன் 2 முதல் 3 மிமீ. பின்பக்கம் கூடுதலாக இருப்பது வளைவில் வால் வீசாமல் இருப்பதற்காக.

முன் லோயர் ஆர்மில் இரண்டு கேம். இரண்டையும் வெளியே தள்ளினால் நெகட்டிவ் கேம்பர் கூடும். முன் கேமை உள்ளேயும் பின் கேமை வெளியேயும் நகர்த்தினால் காஸ்டர் கூடும். ஆக, இரண்டும் ஒரே கையிருப்பிலிருந்துதான் செலவாகின்றன. கேம்பரை முதலில் முடிவு செய்து, இடமும் வலமும் ஒரே அளவாக வைத்து, மிச்சத்தைக் காஸ்டருக்குக் கொடுங்கள். பின் ஆர்மில் இரண்டு கேமும் வெளியே வந்தால் நெகட்டிவ் கேம்பர் கூடும், பின் கேம் மட்டும் வெளியே வந்தால் டோ-இன்னும் சேர்ந்து கூடும்.

சமதளத்தில் நிறுத்தி, ஓட்டுநர் எடையை இருக்கையில் வைத்து, ரிம்மின் மேல் கீழ் விளிம்பில் டிஜிட்டல் கோணமானியை வையுங்கள். 400 மிமீ இடைவெளியில் 1° என்பது சுமார் 7 மிமீ. தரையின் சாய்வைக் கழிக்க மறக்க வேண்டாம். ஒவ்வொரு டயருக்கும் அடியில் நடுவே கிரீஸ் தடவிய இரண்டு வினைல் டைல்களை வையுங்கள். இல்லாவிட்டால் டயரின் பிடி சக்கரத்தைப் பழைய கோணத்திலேயே நிறுத்திவைக்கும். எப்போதும் பின் சக்கரத்தை முதலில் முடியுங்கள், பிறகு முன் கேம்பர், காஸ்டர், கடைசியில் ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி முன் டோ. கேம்பரைத் தொட்டாலே டோ மாறிவிடும்.

கேள்வி: டயரின் உட்புறம் மட்டும் தேய்கிறது. நெகட்டிவ் கேம்பரைக் குறைக்கட்டுமா?

முதலில் டோவை அளந்து பாருங்கள். −1.5° கேம்பர் தனியாக டயரை அவ்வளவு வேகமாகத் தின்னாது. டோ-அவுட்டோடு சேர்ந்தால் தின்னும்.

கேள்வி: டொயோட்டா 86-இலும் இதே முறையா?

இல்லை. அதன் முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (மேல் ஆர்முக்குப் பதில் ஷாக் அப்சார்பரே சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு), கேம்பருக்குத் தொழிற்சாலை வசதி கிடையாது. ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (ஹப்பைத் தாங்கும் பாகத்தையும்) இணைக்கும் போல்ட்டுக்குப் பதில் கேம்பர் போல்ட் போடுவார்கள், அல்லது மேலே கேம்பர் பிளேட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்தும் தட்டு). பின்னால் டோ மட்டும்தான் திருத்த முடியும். கேம்பர் வேண்டுமானால் நீளம் மாற்றக்கூடிய லோயர் ஆர்ம் வாங்க வேண்டும். கேம்பர் போல்ட்டின் தண்டு மெலிந்தது என்பதால் அதன் டார்க் அளவு வேறு. பெட்டியில் அச்சிட்ட அளவுக்கே இறுக்கி, பெயின்டால் கோடு போட்டு, சில நாள் ஓட்டிய பிறகு அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.