கல்லூரியில் மாணவிக்குத் தொல்லை என்றால் யாரிடம், எப்படிப் புகார் கொடுப்பது?

கேட்டவர் சொல்லியிருப்பது இது. தங்கை காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். சீனியர் பையன் ஒருவன் நாலு மாதமாகப் பின்னாலேயே வருகிறான், வேறு வேறு எண்களிலிருந்து மெசேஜ் அனுப்புகிறான். வார்டனிடம் சொன்னதற்கு "நீ கண்டுக்காதேம்மா, தானா அடங்கிடுவான்" என்று பதில். வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். யாரிடம் போவது?

வார்டனிடம் வாயால் சொன்னதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எங்கேயும் பதிவாகியிருக்காது. எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். வேலூரில் ஒரு கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேலாக வேதியியல் நடத்துகிறேன். அதில் ஆறு வருடம் உள்ளகப் புகார் குழுவில் இருந்தேன். ஐ.சி.சி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். குழுவில் சேர்ந்த முதல் வருடமே ஒரு தவறு செய்தேன். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

குடியாத்தம் பக்கத்துப் பெண். அம்மா பீடி சுற்றுகிறவர், அப்பாவுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் கொடுத்துச் சேர்ந்தவள். ஒருநாள் பிராக்டிகல் முடிந்து எல்லோரும் போன பிறகு, திரவத்தை அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைக் கழுவிக்கொண்டே நின்றாள். கழுவி முடித்ததையே திரும்பக் கழுவினாள். அப்புறம், "மேடம், சும்மா உங்க காதுல போட்டு வைக்கிறேன்" என்று ஆரம்பித்தாள். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடவேண்டிய ஒருவர், கையெழுத்துக்காகத் தனியாக வரச் சொல்கிறார். போனால் கையைப் பிடிக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. அன்று மதியமே அந்த ஆளைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார். ஒரே மதியத்தில் பிரச்சினையை முடித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு. நான் உண்மையில் செய்த வேலை என்னவென்றால், யார் சொன்னது என்று அந்த ஆளுக்குக் காட்டிக் கொடுத்ததுதான். அந்த செமஸ்டரில் அவளுடைய இன்டர்னல் மார்க் சரிந்தது. அடுத்த செமஸ்டருக்கு அவள் வரவில்லை. விசாரிக்கலாம் என்று ஃபைலைத் தேடினால் ஃபைலே இல்லை. எப்படி இருக்கும், நான்தான் எதையும் எழுதி வாங்கவில்லையே. அந்த வருட அறிக்கையில் "பெறப்பட்ட புகார்கள்: இல்லை" என்று இருக்கிறது. அதன் அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது.

சட்டம் சொல்வதற்கு நேர் எதிராக நடந்திருக்கிறேன் என்பது பிற்பாடு சட்டத்தை ஒழுங்காகப் படித்தபோதுதான் உறைத்தது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. கல்லூரிகளுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., தனியாக வகுத்த 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் 2016-இல் அறிவிக்கப்பட்டன. சமாதானம் என்கிற பேச்சு, பாதிக்கப்பட்டவர் தானாகக் கேட்டால்தான் வரவேண்டும். அதிலும் பணம் கைமாறக்கூடாது. பேராசிரியையோ முதல்வரோ தாங்களாகப் பஞ்சாயத்து பண்ண இடமே இல்லை.

உங்கள் தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். நாலு மாதமாகிவிட்டதே, காலம் கடந்துவிட்டதா என்று பயப்பட வேண்டாம். புகாருக்கு மூன்று மாதக் கெடு உண்டு, ஆனால் தொடர்ந்து நடக்கும் தொல்லைக்கு அந்தக் கெடு கடைசியாக நடந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. நியாயமான காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். கல்லூரிக்கு வெளியே நடந்தது, கல்லூரி பஸ்ஸில் நடந்தது, டூரில் நடந்தது என்று தட்டிக் கழிப்பார்கள். விடுதி, கல்லூரிப் போக்குவரத்து, கல்லூரி அழைத்துப்போன இடம் எல்லாமே யு.ஜி.சி. விதிப்படி வளாகம்தான்.

புகாரைக் குழுவின் தலைவர் பெயருக்கு எழுதுங்கள். தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். துறைத்தலைவர், டீன், பதிவாளர் போன்ற நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் உறுப்பினராக இருக்கக்கூடாது என்றே விதி இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டியிருக்கும், நின்று படிக்கச் சொல்லுங்கள். கரஸ்பாண்டென்டின் மருமகள் "வெளி உறுப்பினர்" என்று இருந்தால், அந்தப் பட்டியலையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

புகாரில் இலக்கியம் தேவையில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன சொன்னான், யார் பார்த்தார்கள் என்று இருந்தால் போதும். தமிழிலேயே எழுதலாம். மெசேஜ்களை அழிக்கக்கூடாது. எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகுதான் பிளாக் செய்ய வேண்டும். பிளாக் செய்வதற்கு முன்னால் "என்னைத் தொடர்பு கொள்ளாதே" என்று ஒரே ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்வேன். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் பின்தொடர்வதைத்தான், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு குற்றம் என்கிறது. அந்த மெசேஜ் அங்கே பேசும். அப்புறம் கேமரா. விடுதி வாசல் கேமராவில் அவன் நிற்பது பதிவாகியிருந்தாலும் சில வாரங்களில் புதுப் பதிவு மேலே ஏறி அது அழிந்துவிடும். "இந்த நாட்களின் பதிவை எடுத்து வைக்கவும்" என்று புகாரிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அவளைப் பாதுகாக்க இடைக்காலமாகச் சிலதைக் கேட்கலாம். அவன் அவளிடம் வரக்கூடாது, தேவைப்பட்டால் வளாகத்துக்குள்ளேயே வரக்கூடாது, அவளுக்கு விடுப்பு என்று. ஆசிரியர் மீது புகார் என்றால் அவள் விடைத்தாளை அவர் திருத்தக்கூடாது என்றும் கேட்கலாம். அந்தப் பெண் என்னிடம் வந்த 2017-இல் எனக்கு இது தெரிந்திருந்தால் ஒரு மார்க் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும். கேட்டால்தான் கிடைக்கும், இதையும் எழுத்தில் கேளுங்கள். நிரூபிக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்தால் அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. "பொய்யா இருந்தா உனக்கு டி.சி.தான்" என்று யாராவது மிரட்டினால் இதைச் சொல்லலாம்.

போலீஸுக்குப் போக குழுவின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். மகளிர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் நம்மூரில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, தருவார்கள். அது எஃப்.ஐ.ஆர். இல்லை, ஆனாலும் வாங்காமல் வராதீர்கள். "எங்க லிமிட்ல வராது" என்று திருப்பி அனுப்ப முடியாது, எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்து மாற்றிவிடலாம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ஆன்லைன் தொல்லைக்கு 1930, அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181. வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக உதவி செய்வார்கள். அதற்கு எண் 15100.

முதலாமாண்டு மாணவிகளைப் பற்றி ஒன்று. பலருக்குப் பதினெட்டே முடிந்திருக்காது. அப்படியென்றால் அது போக்சோ, அதாவது பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில் வரும். தெரிந்தும் மறைத்தால் கல்லூரித் தலைவர் மீதே வழக்கு வரும். "உள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்கிறவர்களிடம் பிறந்த தேதியைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறிவிடும்.

தங்கைக்குப் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று பயம் இருக்கும். அது வெறும் பிரமை என்று நான் சொல்ல மாட்டேன். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமையில் எஃப்.ஐ.ஆரே வெளியே கசிந்ததை எல்லோரும் பார்த்தோம். பாதிக்கப்பட்டவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவிடம் வழக்கையும் ஒப்படைத்தது. ஆறே மாதத்தில், 2025 ஜூனில், குற்றவாளிக்கு 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை வந்தது. தைரியமாக எழுதிக் கொடுத்த ஒரு மாணவியால் வந்த தீர்ப்பு அது.

நம் ஊரிலும், 2022 மார்ச்சில் காட்பாடியில் இரவுக்காட்சி முடிந்து ஆட்டோவில் ஏறிய பெண் மருத்துவருக்கு நடந்த கூட்டு வன்கொடுமை நினைவிருக்கும். அதற்குப் பிறகு எங்கள் கல்லூரி எடுத்த பெரிய பாதுகாப்பு நடவடிக்கை, பெண்கள் விடுதி கேட்டை முன்னதாகவே பூட்டியது. பையன்கள் விடுதி எப்போதும் போல. பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதிக்கு மட்டும் பாரபட்சமான விதி போடக்கூடாது என்று யு.ஜி.சி. விதியே இருக்கிறது. கூட்டத்தில் நான் அதை வாசித்தேன். "மேடம், ப்ராக்டிகலா பேசுங்க" என்றார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து விடுதி வரைக்கும் நாலு விளக்குப் போடுவது ப்ராக்டிகல் இல்லையாம்.

என் தம்பி மகன் அமெரிக்காவில் படிக்கிறான். ஒரு அக்டோபரில் அவனுடைய கல்லூரி அனுப்பிய அறிக்கையைக் காட்டினான். வளாகத்தில் முந்தைய வருடங்களில் எத்தனை திருட்டு, எத்தனை பாலியல் குற்றம், எத்தனை பின்தொடர்தல் என்று எண்ணிக்கையோடு. 1986-இல் ஜீன் கிளெரி என்ற மாணவி தன் விடுதி அறையிலேயே கொல்லப்பட்ட பிறகு, பெற்றோர் போராடி 1990-இல் வந்த சட்டம் அப்படி வெளியிடச் சொல்கிறது. "உங்க காலேஜ்ல எத்தனை அத்தை?" என்று கேட்டான். பூஜ்யம் என்றேன். "அவ்ளோ சேஃபா?" என்றான். எனக்கு அந்தப் பியூரெட் ஞாபகம் வந்தது.

நம்மிடமும் ராகிங்குக்கு இப்படித்தான் சட்டம் வந்தது. 1996-இல் சிதம்பரத்தில் பொன் நாவரசு என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாட்டுச் சட்டம். உங்கள் தங்கைக்கு வரும் தொல்லையில் சீனியர் மிரட்டல் கலந்திருந்தால் 1800-180-5522 என்ற ராகிங் எதிர்ப்பு எண்ணிலும் சொல்லலாம்.

வீட்டில் சொல்வதா என்பதில் என் யோசனை கொஞ்சம் மாறுபடும். அப்பா அம்மா இருவருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டாம், முதலில் ஒருவருக்கு. உங்களுக்குத்தான் அவர்களைத் தெரியும். சீல் போட்ட நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், "படிப்பை நிறுத்திடலாமா" என்ற கேள்விக்கு முன்னால் "காலேஜ்ல என்ன சொன்னாங்க" என்ற கேள்வி வரும். நானே பார்த்திருக்கிறேன். அவள் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் 14416-க்குப் பேசச் சொல்லுங்கள், மனநல ஆலோசனை இலவசம்.

சனி ஞாயிறில் தேதிகளை உட்கார்ந்து எழுதி முடியுங்கள். நீங்களும் கூடப் போங்கள். திங்கள் காலை அலுவலகம் திறந்ததும் தபால் வாங்குகிற இடத்தில் இரண்டு பிரதியோடு நில்லுங்கள். சாப்பாட்டு மணிக்குப் பிறகு போனால் சீல் பீரோவுக்குள் போய்விட்டது, சாவி சூப்பிரண்டிடம் இருக்கிறது என்பார்கள். அப்படிச் சொன்னால் அங்கேயே நின்றபடி ஐ.சி.சி.யின் மின்னஞ்சலுக்குப் புகாரைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, சூப்பிரண்டு வரும்வரை உட்காருங்கள்.