பாமியும் மாதுளையும்

அன்புள்ள ஐயா,

என் மகன் மெல்பர்னில் வேலை பார்க்கிறான். அங்கே இங்கிலாந்துக்காரர்களை ‘பாமி’ என்கிறார்களாம். ‘தாய் இங்கிலாந்தின் கைதி’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தச் சொல், நாடு கடத்தப்பட்ட கைதிகளின் சட்டையில் அச்சடித்திருப்பார்கள் என்று எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் விளக்கியிருந்தார். ஆச்சரியமாக இருந்தது. அப்படியென்றால் இது வசைச்சொல்தானே? அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள் என்று இவனும் சொல்கிறான். சொல்லலாமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

பையன் தாராளமாகச் சொல்லலாம். ‘பாமி’யின் சுருக்கமான ‘பாம்’ (தமிழில் எழுதினால் வெடிகுண்டு போலிருக்கிறது, என்ன செய்ய!) என்பது செல்லமும் கேலியுமாகப் புழங்கும் சொல்தான் என்று ஆஸ்திரேலியாவின் விளம்பரப் புகார் வாரியமே 2006இல் சொல்லிவிட்டது. முன்னால் ‘புலம்பல்’ என்று ஒரு அடைமொழியும் போடுவார்கள். அதை மட்டும் அவன் தவிர்க்கட்டும்.

என்னைச் சீண்டியது உங்கள் கேள்வி அல்ல, அந்த ‘ஆச்சரியமாக இருந்தது’. ஆச்சரியப்பட்டவர் கூடவே கொஞ்சம் சந்தேகமும் பட்டிருக்கக் கூடாதா?

கைதிகளோடு முதல் கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனது 1788இல். கடைசிக் கப்பல் 1868இல். ‘பாமி’ என்ற சொல்லுக்கு அகராதிக்காரர்களிடம் இருக்கும் முதல் அச்சுச் சான்றோ 1912. அத்தனை வருடம் சட்டை முதுகில் இருந்த சொல் எங்கே ஒளிந்திருந்தது? சரி, வருடக்கணக்கை விடுங்கள். கைதியாக வந்தவன் யார்? இந்தச் சொல்லைச் சொன்னவர்களில் பலருடைய பாட்டன். சொல்லப்பட்டவனோ பிழைப்புத் தேடி நேற்று கப்பலிறங்கிய சுதந்திரமான ஆள். தன் பாட்டன் காலில் கிடந்த விலங்கை எடுத்து எவனாவது அடுத்தவனுக்குப் பட்டப்பெயர் வைப்பானா?

நடந்தது வேறு. குடியேற வந்தவன் ‘இமிக்ரன்ட்’. அந்த ஓசையைப் பிடித்து ‘ஜிம்மி கிரான்ட்’ என்று ஆள் பெயராக்கினார்கள். அங்கிருந்து இன்னொரு தாவல், ‘பாமகிரானட்’. மாதுளை! வெயில் பழகாத கன்னம் மாதுளைத் தோலாகச் சிவந்துவிடுவதும் தோதாகப் போயிற்று. அப்புறம் வாலை நறுக்கி ‘பாமி’. தங்களையே ‘ஆஸி’ என்று நறுக்கிக்கொண்டவர்கள் அவர்கள். டி.எச். லாரன்ஸ் 1923இல் வெளிவந்த ‘கங்காரு’ நாவலிலேயே இந்த மாதுளைக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் பழக்கம். ரேடார் அப்படி வந்தது, உண்மை. ஆனால் ‘கோல்ஃப்’ என்றால் ‘ஆண்கள் மட்டும், பெண்களுக்கு அனுமதியில்லை’ என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆபத்தில் உதவி கேட்டு அனுப்பும் எஸ்.ஓ.எஸ். கூட ‘எங்கள் ஆன்மாவைக் காப்பாற்று’ இல்லை. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. தந்தியில் அடிக்கவும் அடையாளம் காணவும் சுலபம் என்று 1906இல் பெர்லினில் கூடி எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நானும் இதில் விழுந்தவன். ஏழாம் வகுப்பில் ஆங்கில வாத்தியார் கரும்பலகையில் பெரிய கூட்டல் குறி போட்டு, முனைக்கு ஒன்றாக நாலு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகளை எழுதினார். “நாலு பக்கத்திலிருந்தும் வருது, அதான் நியூஸ்.” வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்கு ஆங்கிலத்தின் மேல் பிரியம் வந்ததே அன்றைக்குத்தான். இருபது வருடம் கழித்து ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அதைப் பெருமையாக எழுதி வைத்தேன். அடுத்த வாரம் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. பெயர் இல்லை. “நியூ என்றால் புதியது. நியூஸ் என்றால் புதியவை. இதற்கு எதற்கய்யா திசைகாட்டி? எழுதுவதற்கு முன் அகராதியைத் தொடவும்.”

உங்கள் குழு நண்பரிடம் பதமாகச் சொல்லுங்கள். எனக்கு யாரும் பதமாகச் சொல்லவில்லை.