அக்காவின் நாட்களை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்துக் கொண்டாவிலைச் சேர்ந்தவன், வயது 36. லண்டனில் சிகிச்சை வழிகாட்டிகள் தயாரிக்கும் ஆய்வுக் குழுவில் சுகாதாரப் பொருளியலாளராக இருக்கிறேன். ஒரு மருந்து அதன் விலைக்கு ஏற்ற பயன் தருகிறதா என்று கணக்குப் பார்ப்பதுதான் வேலை. என் கணக்கை வைத்து அண்மையில் ஒரு மருந்தைப் பரிந்துரைப்பதில்லை என்று குழு முடிவெடுத்தது. அன்றிலிருந்து நித்திரை இல்லை. ‘உயிருக்கு விலை பேசுகிற வேலை’ என்று அப்பாவும் ஏசுகிறார். அம்மா பாரிசவாதம் வந்து படுக்கையில் இருக்கிறா. அக்கா கம்பனி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு நின்று பார்ப்பதால் அதில் செலவொன்றும் இல்லை. நான் இந்த வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, அரசாங்கத்தின் காசுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு மருந்துக்கு அளவுக்கு மீறிக் கொடுத்தால் வேறு எங்கோ ஒரு நோயாளிக்குச் சிகிச்சை இல்லாமல் போகும். முழுச் சுகத்தோடு வாழும் ஓர் ஆண்டைக் கூடுதலாகப் பெற்றுத் தருவதற்கு 20,000 முதல் 30,000 பவுண் வரை என்று இங்கிலாந்தில் எந்த மருந்துக்கு அரச சுகாதார சேவை காசு கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் நிறுவனம் நீண்ட காலம் எல்லை வைத்திருந்ததும் அதனால்தான். இது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். வேலையைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை.

‘செலவொன்றும் இல்லை’ என்று எப்படி எழுத மனம் வந்தது?

நைஸின் வழக்கமான கணக்கில் அரச சுகாதார சேவைக்கும் சமூகப் பராமரிப்புச் சேவைக்கும் வரும் செலவுதான் சேரும். சம்பளமில்லாமல் வீட்டில் பார்ப்பவரின் நேரம் செலவுப் பக்கத்தில் ஏறாது. பொதுப் பணத்தைப் பங்கிட அப்படி ஒரு கோடு தேவைப்படலாம். சரி, அந்தக் கோட்டைக் கொண்டாவில் வீட்டுக்குள்ளும் ஏன் கிழித்தீர்கள்?

படுக்கையில் இருப்பவரை இரவிலும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் புண் வந்துவிடும். புரைக்கேறாமல் நிமிர்த்தி வைத்து ஊட்ட வேண்டும். கழுவித் துடைக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் மருந்துக்குக் காசில்லை என்பது உண்மை. ஆனால் கிளினிக் கொப்பியோடு விடியவே போய் வரிசையில் நிற்பவருக்கு அன்றைய நாள் போய்விடும். அக்காவின் சம்பளம் போனது. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் அவரிடம் பிடித்த 8 வீதமும், கம்பனி போட்ட 12 வீதமும் நின்றுபோயின. அவருக்கு வயதாகும்போது யார் பார்ப்பது? அவருடைய வயதைக்கூட நீங்கள் எழுதவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகன் கவலைப்பட்டால் போதும், வீட்டில் இருக்கும் மகள் உடம்பால் உழைக்கட்டும் என்று எங்கள் ஊர் பிரித்து வைத்திருப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். பெற்றவர்களைப் பார்ப்பது எல்லாப் பிள்ளைகளின் கடமை. உயிருக்கு விலை பேசுகிறாய் என்று உங்களை ஏசும் அப்பா, மகளின் வாழ்நாளை விலையே இல்லாமல் வாங்கிக்கொண்டிருக்கிறார். நீங்களும் கூடவே வாங்குகிறீர்கள்.

வீட்டுப் பராமரிப்பை மதிப்பிட உங்கள் துறையிலேயே வழி உண்டு. அக்கா இழந்த வருமானத்தை எடுக்கலாம், அல்லது அதே வேலைக்கு ஆள் வைத்தால் கொடுக்க வேண்டியதை எடுக்கலாம். இரண்டையும் போட்டுப் பாருங்கள், எது கூடவோ அதை மாதாமாதம் அக்காவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அப்பாவின் கணக்குக்கு வேண்டாம். பகலில் துணைக்கு ஓர் ஆளையும் ஒழுங்கு செய்யுங்கள். திரும்ப வேலைக்குப் போக விருப்பமா என்று அக்காவிடம் கேளுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள், அக்கா ‘விருப்பமில்லை’ என்றுதான் சொல்வார்.

அப்புறம், ஒரு மாதமாவது லீவு எடுத்து வாருங்கள். அந்த மாதம் அக்கா எங்காவது போய் இருக்கட்டும், இரவும் பகலும் அம்மாவை நீங்கள் பாருங்கள். வேலையை விடுவதா என்ற கேள்வி அதற்குப் பிறகும் இருந்தால் எழுதுங்கள், பதில் தருகிறேன்.